மேட்டுக்கு ஒரே ஒரு கியர்

நான் வேலை பார்க்கும் அங்கன்வாடிக்குப் பஸ் கிடையாது. ஏற்காடு மலையில், வெள்ளக்கடையில் எங்கள் வீட்டைத் தாண்டியதும் ரோடு ஒரு ஓடை வரைக்கும் இறங்கும். அதற்குப் பிறகு காப்பித் தோட்டங்களுக்கு நடுவே ஏற்றம்தான். வீட்டில் இருக்கிற ஒரே ஸ்கூட்டரில் கணவர் விடிந்ததும் சேலத்துக்கு வேலைக்குப் போய்விடுவார். நடந்து போனால் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. பிள்ளைகளின் அம்மாக்கள் எஸ்டேட் வேலைக்குப் போகிற வழியில் பிள்ளைகளை அங்கன்வாடி வாசலில் விட்டுவிட்டுப் போவார்கள். சாவி என்னிடம். நான் போய்த்தான் கதவைத் திறக்க வேண்டும்.

அதனால்தான் சைக்கிள். மலைக்கு என்றால் கியர் சைக்கிள்தான் சரி என்று கணவர் சேலத்தில் தேடி அலைந்து வாங்கி வந்தார். பெடல் பக்கம் மூன்று பல்சக்கரம், பின்சக்கரத்தில் ஏழு. ஹேண்டில்பாரில் விரலால் தள்ளினால், பின்னால் தொங்கும் ஒரு சின்னக் கை செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிவிடும். வாசலில் வைத்து எனக்கு எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தார். அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்துவிட்டு, இத்தனை எதற்கு என்று கேட்க எனக்கு மனசு வரவில்லை.

முதல் சில வாரங்கள் நன்றாகத்தான் ஓடியது. பிறகு ஒரு நாள் காற்றில் ஸ்டாண்டு சரிந்து சைக்கிள் வலப்பக்கமாக விழுந்தது. தூக்கி நிறுத்தித் துடைத்தேன். பார்வைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மறுநாள் முதல் பின்னாலிருந்து டிக், டிக் என்று ஒரு சத்தம். மேடு ஏறும்போது அதிகமாகும், நிறுத்தினால் நிற்கும். கணவர் கியர் ஒயரை முறுக்கிப் பார்த்தார். இரண்டு நாள் சத்தம் இல்லை. பிறகு திரும்பவும் வந்துவிட்டது.

அந்தச் சத்தம் எனக்குள் புகுந்துகொண்டது. அடுப்படியில் நிற்கும்போதுகூடக் காதில் கேட்பது போல இருக்கும். கியரை மாற்றினால் ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்து, இரண்டு கியரை மட்டும் வைத்துக்கொண்டு ஓட்டினேன். மற்றவை எல்லாம் சும்மா சுற்றிக்கொண்டிருந்தன.

அன்று காலையில் நல்ல பனிமூட்டம். எங்கள் மையத்தில் சமைக்கிற அக்கா ஒரு கல்யாணத்துக்காக மலையிறங்கிப் போயிருந்தார். அதனால் நான் சீக்கிரமே கிளம்பினேன். ஓடையைத் தாண்டிய செங்குத்தான திருப்பத்தில் மூச்சு முட்டியது. வேறு வழியில்லாமல் விரலால் தள்ளிப் பின்னால் இருக்கிற பெரிய பல்சக்கரத்துக்கு மாற்றினேன். கடகடவென்று ஒரு சத்தம் கேட்டது. பின்சக்கரம் அப்படியே நின்றது. நான் ரோட்டோரம் விழுந்தேன்.

செயின் பல்சக்கரத்தைத் தாண்டிப் போய்ச் சக்கரக் கம்பிகளுக்குள் சிக்கியிருந்தது. அந்தச் சின்னக் கையும் உள்ளே இழுபட்டு வளைந்து கிடந்தது. உட்கார்ந்து இழுத்தேன். குச்சியை விட்டு நெம்பினேன். விரலெல்லாம் கறுப்பானதுதான் மிச்சம். பிள்ளைகள் இந்நேரம் வந்திருப்பார்கள், வாசலில் யாரும் இருக்க மாட்டார்கள் என்பதே மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

அப்போது கீழே காப்பிச் செடிகளுக்குள் ஏதோ மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. காட்டெருமை. சில்வர் ஓக் மரத்தடியில் கறுப்பாக நின்றிருந்தது. கால்கள் மட்டும் முழங்கால் வரைக்கும் வெள்ளை. எங்கள் பக்கம் இது புதிது இல்லை. அசையாமல் நின்றால் அது பாட்டுக்குப் போய்விடும் என்பார்கள். நின்றேன். என் நெஞ்சு அடிப்பது அதற்குக் கேட்குமோ என்று இருந்தது. வெகுநேரம் என்னையே பார்த்தது. பிறகு கரையேறி, அவ்வளவு பெரிய உடம்பைச் சத்தமே இல்லாமல் நகர்த்தி ரோட்டைக் கடந்தது. மேல்தோட்டத்துக்குள் நுழைந்து நேராக மேலே போனது. எங்கள் மையம் இருக்கிற பக்கம்.

சைக்கிளைக் கிடந்த இடத்திலேயே விட்டுவிட்டு ஓடினேன். ஓடினேன் என்று சொன்னாலும் அந்த மேட்டில் ஓட முடியாது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். மையம் கண்ணில் பட்டபோது வாசலில் ஒரு பிள்ளைகூட இல்லை. பூட்டு பூட்டியபடி தொங்கியது. பிள்ளைகளின் பைகள் மட்டும் கேட்டில் வரிசையாக மாட்டியிருந்தன.

"கண்ணுங்களா!" என்று கத்தினேன். பனிக்குள் என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. கட்டடத்தைச் சுற்றி வந்தேன். தண்ணீர்த் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தேன். ஏன் பார்த்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை. திரும்பவும் கத்தினேன்.

"இங்க இருக்கறோமுங்க டீச்சர்!"

குரல் எஸ்டேட் களத்துப் பக்கமிருந்து வந்தது. காப்பிக் கொட்டை உலர்த்துகிற களத்தை ஒட்டி ஒரு கிடங்கு உண்டு. அதற்குள் சாக்குகள் மேல் பிள்ளைகள் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி சாக்கின் மேல் குதித்துக்கொண்டிருந்தாள். கதவை மறித்துக்கொண்டு அவர்களில் ஒரு பிள்ளையின் அம்மா நின்றாள். மகளை விட்டுவிட்டு வேலைக்குப் போனவள், தோட்டத்தில் காட்டெருமை ஏறி வருவதைப் பார்த்துத் திரும்ப ஓடிவந்து எல்லாரையும் கூட்டிப்போய் உள்ளே விட்டிருக்கிறாள்.

ஒவ்வொரு தலையாகத் தொட்டுப் பார்த்தேன். எல்லாரும் இருந்தார்கள்.

"ஏனுங்க டீச்சர், நீங்க வந்துருவீங்கன்னு நம்பித்தானுங்க உட்டுட்டுப் போறோம்" என்றாள் அவள். கோபம்கூட இல்லை, அழுகிற குரல். "நான் திரும்பிப் பாக்காம போயிருந்தா என்னாயிருக்கும், சொல்லுங்க."

என் கறுப்பான கைகளை அவள் பார்த்தாள். ரோட்டில் என்ன நடந்தது என்று அப்புறம்தான் சொன்னேன்.

அன்று சாயங்காலம் கணவர் போய்ச் சைக்கிளைத் தூக்கி வந்தார். "இந்தக் கை வளஞ்சு போச்சு, அவ்வளவுதான். புதுசு ஒண்ணு போட்டா சரியாயிரும்" என்றார்.

"எனக்கு அது வேண்டாமுங்க. கியரக் கழட்டிருங்க."

"கியர் இல்லாம அந்த மேட்ட எப்படிப் புள்ள ஏறுவ? முட்டி போயிரும்."

அன்று பகல் முழுக்க நான் இதைத்தான் யோசித்திருந்தேன். இறக்கத்தில் கியரே வேண்டாம், ரோடே இழுத்துக்கொண்டு போகும். சமதளம் எங்கள் வழியில் கொஞ்சம்தான். மேட்டுக்கு மட்டும்தான் கியர் வேண்டும், அதற்கு ஒன்று போதும். முன்னால் சின்னப் பல்சக்கரம், பின்னால் பெரியது. அதை மாற்ற முடியாதபடி வைத்துவிட்டால் மாற்றுகிற இடத்தில் கெட்டுப்போவதற்கு ஒன்றும் இருக்காது. மெதுவாகப் போகும், போகட்டும். வேகம் எனக்குத் தேவையில்லை. போய்ச் சேர வேண்டும்.

கணவரும் நானும் ஏற்காடு டவுனில் இருக்கிற சைக்கிள் கடைக்கு அதைக் கொண்டுபோனோம். கடைக்கார பாய்க்கே நான் கேட்டது புதிதாக இருந்தது.

"கியர் போட்டுக் குடுங்கன்னுதான் வருவாங்க. கழட்டச் சொல்லி இதுவரைக்கும் யாரும் வந்ததில்லீங்க."

"மேடு ஏறுமுங்களா பாய்?"

அவர் சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் பார்த்தார். "போட்டுப் பாத்தாத்தானுங்க தெரியும். சமத்துல காலு நொம்ப வேகமாச் சுத்தும். வண்டி நகராது."

முன்னால் இருந்த மூன்றில் சின்னதை மட்டும் விட்டார். பின்னால் ஏழையும் கழற்றிவிட்டு ஒற்றைப் பல்சக்கரம் உள்ள ஒரு சாதாரண ஃப்ரீவீல் போட்டார். கடைக்குப் பக்கத்து ஏற்றத்தில் ஓட்டிப் பார்த்தேன். பாதியில் கால் நின்றுவிட்டது. சுமை சைக்கிளிலிருந்து கழற்றி வைத்திருந்த பெரிய ஃப்ரீவீலைத் தேடி எடுத்து மாட்டினார். இந்த முறை ஏறியது. ஆனால் உச்சியை நெருங்கும்போது செயின் கழன்று விழுந்தது. பழையபடியே போட்டுக் கொடுங்கள் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது.

பாய் சைக்கிளுக்குப் பின்னால் குந்தி ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். "செயின் கோணலாப் போகுதுங்க. முன்னாலயும் பின்னாலயும் நேரா இல்ல." கணவர் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டார். பாய் ஒரு வாஷரை வைத்தார், பார்த்தார், எடுத்தார், இன்னொன்றைச் சேர்த்து வைத்தார். செயினை இழுத்துக் கட்டி நட்டை முறுக்கினார். திரும்பத் திரும்ப அந்த ஏற்றத்தில் ஓட்டினேன். கழலவில்லை. அப்போதும் எனக்கு நம்பிக்கை வரவில்லை.

மறுநாள் காலையில் வழி முழுக்கக் காதைப் பின்னாலேயே வைத்திருந்தேன். செயின் ஓடுகிற மெல்லிய சரசரப்பு மட்டும்தான். அந்தத் திருப்பம் வந்ததும் முன்கூட்டியே முடிவு செய்திருந்தபடி இறங்கித் தள்ளினேன். தோட்டத்துக்குள் பார்த்துக்கொண்டே தள்ளினேன். மறுபடி ஏறி மிதித்து, முதல் பிள்ளை வருவதற்கு முன்னால் கதவைத் திறந்துவிட்டேன்.

இன்னொரு வேலையும் செய்தேன். சாவிக்கு ஒரு நகல் அடித்து, அன்று கிடங்குக் கதவை மறித்து நின்ற அம்மாவிடம் கொடுத்தேன்.

"எனக்கெதுக்குங்க டீச்சர்?"

"ஒருவேள நான் வர நேரமாயிட்டா."

அவள் சாவியைத் தாலிக்கயிற்றில் கோத்துக்கொண்டாள்.

மழைக்காலம் முழுவதும் அந்த ஒரே கியரில்தான் போய் வந்தேன். ஒரு முறை பஞ்சர் ஆகி நடந்து போனேன். அன்று கதவு திறந்திருந்தது. பயம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஈர ரோட்டில் இறங்கும்போது பிரேக் கட்டை தேய்ந்திருக்குமோ என்ற நினைப்பு வரும். அதனால் தினமும் கிளம்புமுன் கட்டையைத் தடவிப் பார்க்கிறேன். செயினை ஒரு விரலால் அமுக்கிப் பார்க்கிறேன். இந்த வண்டியில் எது கெடும், கெட்டால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். முன்பு எதற்குப் பயப்படுகிறேன் என்றே தெரியாமல் பயந்துகொண்டிருந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டர் பழுதாகிவிட்டதால் ராகி அரைக்கக் கணவர் என் சைக்கிளை எடுத்துப் போனார். திரும்பி வரும்போது சட்டை நனைந்திருந்தது.

"சமத்துல இதுல போறதுக்கு நடந்தே போயிரலாம்" என்றார்.

"மேட்டுலங்க?"

அவர் சொம்புத் தண்ணீரை முழுசாகக் குடித்துவிட்டு வாயைத் துடைத்தார்.

"மேட்டுல பரவால்ல."