ஓடைப் பாலத்தில் மூன்று நாள் கணக்கு

யுத்த காலத்தில் நான் அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற வழியில் ஒரு கிராமத்தில் பிரசவம் பார்க்கும் நர்ஸாக இருந்தேன். பாளையம்பட்டிக்காரி. மிஷன் ஆஸ்பத்திரியில் படித்துத் தேறியவள் என்ற கர்வம் அப்போதே உண்டு. இப்போதும் அதில் குந்துமணி அளவும் குறையவில்லை. என் பொறுப்பில் ஏழு ஊர்கள். நான்கு ஊர்கள் ஓடைக்கு அந்தப் பக்கம்.

அந்த ஓடையில் வருஷத்துக்குப் பத்து நாள் தண்ணீர் வந்தால் பெரிது. மற்ற நாளெல்லாம் வெறும் மணல். அதன் மேல் ஒரு பழைய கல் பாலம். ஒரு பக்கத்துக் கைப்பிடிச் சுவர் விழுந்து கிடந்தது. ஒரு வளைவில் விரிசல் விட்டு, அதில் அரசங்கன்று முளைத்திருந்தது. வெறும் வண்டிகள் மணலில் இறங்கி ஏறிவிடும். பாரம் ஏற்றிய வண்டி நாளுக்கு நாலைந்து பாலத்தில் போகும். நடந்து போகிறவர்கள் கொஞ்சம் பேர். அவ்வளவுதான்.

ஓர் ஆவணி மாதம் ஓவர்சியர் ஒருவர் சைக்கிளில் வந்து இறங்கினார். பாலத்தோரம் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, மூன்று நாள் போகிற வருகிற வண்டியையும் ஆளையும் நோட்டில் எழுத வேண்டும் என்று அவருக்கு உத்தரவு. நடமாட்டம் இருந்தால் புதுப் பாலம் கட்டுவார்களாம். இல்லாவிட்டால் மழைக்கு முன்பே இதை இடித்து, கல்லை வேறு ரோட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விடுவார்களாம்.

இரண்டாம் நாள் சாயங்காலம் நோட்டைக் காட்டினார். இரண்டு நாளில் பாலத்தைக் கடந்தது ஒரே ஆள். நான்தான், நாலு தடவை.

"உங்க ஒருத்தருக்காக ஒரு பாலமா?" என்று சிரித்தார்.

எனக்குச் சுருக்கென்றது. "ஓடை காஞ்சு கிடக்கையில பாலத்தில ஆளை எண்ணினா இப்படித்தான் சார் இருக்கும். ஐப்பசியில வந்து எண்ணுங்க" என்றேன்.

"ஐப்பசிக்கு எனக்கு உத்தரவு இல்லையேம்மா."

ஆனாலும் ஒரு பாரவண்டிகூட வரவில்லை என்பது எனக்கே இடித்தது. பாலத்துக்கு மேற்கே ஓடையோரமாக நடந்து பார்த்தேன். அங்கே பருத்திப் பொதி ஏற்றிய வண்டி ஒன்று மணலில் புதைந்து நின்றது. வண்டிக்காரன் சக்கரத்துக்குத் தோள் கொடுத்துத் தள்ளிக்கொண்டிருந்தான். அக்கரைக்காரன், எனக்குத் தெரிந்தவன். அவன் மனைவிக்கு அது மூன்றாவது கர்ப்பம். முதல் இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. நான் இந்த வேலைக்கு வருவதற்கு முன்பு நடந்தது அது.

"பாலம் இருக்கையில எதுக்குப்பா இந்தப் பாடு?"

"மெல்லப் பேசுங்கம்மா. நோட்டும் கையுமா உக்காந்திருக்காகள்ல, அவுக பட்டாளத்துக்கு மாடு புடிக்க வந்தவுகளாம். பாலத்தில போற வண்டியையும் ஆளையும் பூராம் எழுதுறாகளாம்."

முதலில் சிரிப்பு வந்தது. பிறகு கோபம் வந்தது. அவர் பாலத்தைப் பார்க்க வந்தவர், வண்டி போனால்தான் பாலம் தப்பும் என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். அவன் நம்பவில்லை.

"சரி, நம்பாதே. உன் பொண்டாட்டிக்கு ஐப்பசியில பிரசவம். முன்னால ரெண்டையும் பார்க்க ஆளில்லாமத்தான் பறிகொடுத்தே. வெள்ளம் வந்து, பாலமும் இல்லைன்னா நான் பறந்தா வருவேன்?"

சொன்னது கொடுமைதான். இன்றைக்கும் அதையேதான் சொல்வேன்.

மூன்றாம் நாள் காலையில் அவன் வந்தான். மாடுகள் இரண்டையும் குளிப்பாட்டி, கொம்பில் எண்ணெய் தடவி, வயிறு முட்டப் பருத்திக்கொட்டை வைத்து ஓட்டி வந்திருந்தான். வண்டியைப் பாலத்தின் மேலேயே கொண்டுவந்து ஓவர்சியர் முன்னால் நிறுத்தினான்.

"எழுதிக்கோங்கய்யா. மயிலை ஒண்ணு, செவலை ஒண்ணு. இப்பவே புடிச்சுக்கிருவீகளா, வெள்ளாமை எடுத்ததும் புடிப்பீகளா?"

ஓவர்சியர் திருதிருவென்று என்னைப் பார்த்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. மாடு பிடிக்க யாரும் வரமாட்டார்கள் என்று அவனிடம் பொறுமையாகச் சொன்னார். அவன் மரியாதைக்குத் தலையாட்டினான்.

"சொல்லுங்க, புதுப் பாலம் வேணுமா?" என்று என்னைக் கேட்டார்.

"வேண்டாம் சார். புதுசு கட்டி முடிக்கிறதுக்குள்ள மழை வந்திரும். அந்தக் கன்றைப் பிடுங்கி, விரிசலை அடைச்சு, சுவரைக் கட்டிக் குடுங்க. இன்னும் நாப்பது வருஷம் நிக்கும்." இன்ஜினீயர் மாதிரி பேசினேன். அவரும் அப்படியே எழுதினார். புரட்டாசியில் கொத்தனாரும் சுண்ணாம்பும் வந்தாயிற்று.

ஐப்பசியில் ஓடை கரைமுட்ட ஓடிய ஒரு காலையில், அவன் பாலத்தின் வழியே ஓடிவந்து என்னைக் கூப்பிட்டான். மத்தியானத்துக்குள் பெண் குழந்தை பிறந்தது. நல்ல குரல். துணியில் சுற்றி அவன் கையில் கொடுத்தேன். தேம்பித் தேம்பி அழுதவன், நிமிர்ந்து தொழுவத்தைப் பார்த்தான். மயிலையும் செவலையும் அசைபோட்டுக்கொண்டு நின்றன.

"இனி எப்ப வேணும்னாலும் வந்து புடிச்சுட்டுப் போகட்டும்மா" என்றான்.