நெட்டையன் ஆடுகிறான்

ஜூலை மாதத்தின் நடுவில் சில நாட்கள் அமெரிக்காவில் பேஸ்பால் ஆட்டம் கிடையாது. ஆறு மாதம் தினமும் ஆடுகிறவர்களுக்கு நடுவே ஒரு இடைவேளை. அந்த நாட்களில் உத்திரமேரூருக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஒரு மனிதன் விடிகாலையில் எழுந்து, என்ன செய்வதென்று தெரியாமல் பல்லை இரண்டு தடவை விளக்குவான். அது நான்தான்.

இந்தப் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று கேட்பவர்கள் உண்டு. பெரிய கதை ஒன்றுமில்லை. கொஞ்ச வருடம் ஒரு கம்பெனி கேன்டீனில் ஸ்டோர் பார்த்துக்கொண்டிருந்தேன். காய்கறி வண்டிக்காக ஐந்து மணிக்கே கதவைத் திறக்க வேண்டும். மெஷின் பொருத்த வந்திருந்த அமெரிக்க எஞ்சினியர்கள் அந்த நேரத்தில் டிவி முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் ஊர் சாயங்காலம் நமக்கு விடிகாலை. ஒருவன் பந்து எறிவான், ஒருவன் கட்டையைச் சுழற்றுவான், பெரும்பாலும் படாது, எல்லோரும் எச்சில் துப்புவார்கள். இரண்டு மாதம் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு ஒரு நாள் காலையில் விளங்கிவிட்டது. வண்டிக்காரன் கீழே நின்று ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான், நான் போகவில்லை.

கம்பெனியை விட்டு வந்து நிலத்தைப் பார்க்க ஆரம்பித்த பிறகும் ஆட்டம் என்னை விடவில்லை. அந்த எஞ்சினியர்களில் ஒருவருடைய ஊர் அணியையே என் அணியாக எடுத்துக்கொண்டேன். அது வருடா வருடம் தோற்கிற அணி என்பதை அவர் முதலிலேயே சொல்லியிருக்கலாம். இப்போது அங்கே வேலை செய்யும் உறவுக்காரப் பையன் ஒருவனின் கணக்கில் வீட்டு டிவியில் பார்க்கிறேன். என் மனைவி இதைக் கட்டை ஆட்டம் என்பாள். "உங்க நைனா எழுந்துட்டாரு, கட்டைய ஆரம்பிச்சிட்டாரு" என்று படுக்கையிலிருந்தபடியே சொல்லிவிட்டுப் புரண்டு படுப்பாள்.

அதைக் கேட்பதற்கு எங்கள் மகள் இருந்தாள். ஏழாம் வகுப்புப் பரீட்சைக்குப் படிக்க விடிகாலையில் எழுந்தவள், புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு டிவியைப் பார்த்தாள். பரீட்சை முடிந்தது. அவள் எழுவது நிற்கவில்லை. ஏனாத்தூரில் கல்லூரி படித்த காலத்திலும் பஸ்ஸுக்குக் கிளம்பும்வரை என் பக்கத்தில்தான் இருப்பாள். நாங்கள் இரண்டு பேரும் வேறு எதைப் பற்றியும் அதிகம் பேசியதில்லை. அவள்மேல் கோபம் இருந்தால் நான் பந்து எறிபவனைத் திட்டுவேன். அவளுக்கும் அது தெரியும். "அவன் இன்னா பண்ணான் நைனா, பாவம்" என்பாள், அதோடு சரியாகிவிடும்.

வைகாசியில் அவளுக்குக் கல்யாணம் செய்து தென்னேரிக்கு அனுப்பினோம். மாப்பிள்ளை கம்பெனியில் ஷிப்டு வேலை, அமைதியான ஆள். வீட்டில் நிலம், மாடுகள். எல்லோரும் விசாரிப்பதையெல்லாம் நானும் விசாரித்தேன்.

அதற்குப் பிறகு தினமும் ஆட்டம் முடிந்ததும் வாட்ஸப்பில் ஒரு வார்த்தை அனுப்புவேன்: பாத்தியா? கொஞ்ச நேரம் கழித்துப் பதில் வரும்: பாத்தேன் நைனா. ஜெயித்திருந்தால் சிரிக்கிற பொம்மை, தோற்றிருந்தால் அழுகிற பொம்மை. எங்கள் அணிக்குப் பெரும்பாலும் அழுகிற பொம்மைதான். எனக்கு அது போதுமாக இருந்தது. பெண் அங்கே எப்படி இருக்கிறாளோ என்று மனைவி புலம்பும்போதெல்லாம், "காலைல உக்காந்து மேட்ச் பாக்கறா, இதுக்கு மேல இன்னா வேணும்?" என்று சொல்லி வாயை அடைத்தேன். புகுந்த வீட்டில் ஒரு பெண்ணுக்கு அந்த இரண்டு மணி நேரம் கிடைக்கிறதென்றால் மற்றதெல்லாம் நன்றாகத்தான் இருக்கும் என்பது என் கணக்கு.

இடைவேளை வந்தபோது எங்கள் அணி கடைசிக்கு முந்தின இடத்தில் இருந்தது. இந்த நாட்களில் ரசிகனுக்கு வரும் எண்ணங்கள் வேடிக்கையானவை. பட்டியலைப் பார்த்து, இன்னும் பாதி பாக்கி இருக்கிறதே என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வான். நடுவில் சிறந்த ஆட்டக்காரர்களை எல்லா அணியிலிருந்தும் பொறுக்கி ஒரு காட்சி ஆட்டம் நடத்துவார்கள். ஒவ்வொரு அணியிலிருந்தும் ஒருவனாவது இருக்க வேண்டும் என்பது விதி. அதனால் எங்கள் அணியிலிருந்தும் ஒருவன் போனான், பந்தியில் ஓரத்து இலை கிடைத்தவன்போல உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பினான். அந்த ஆட்டத்தை நான் பார்ப்பதில்லை. யார் ஜெயித்தாலும் யாருக்கும் ஒன்றுமில்லை என்கிற ஆட்டத்தை எதற்குப் பார்ப்பது?

அந்த வாரம்தான் ஆடி பிறந்தது. புதிதாகக் கல்யாணமான பெண்ணை ஆடியில் அம்மா வீட்டுக்கு அழைத்து வந்துவிட வேண்டும். ஆடியில் சேர்ந்திருந்தால் சித்திரை வெயிலில் பிள்ளை பிறக்கும் என்பார்கள். காரணம் எதுவோ, எனக்கு ஒரு மாதம் முழுக்க விடிகாலைத் துணை கிடைக்கப்போகிறது என்று வைகாசியிலிருந்தே எண்ணிக்கொண்டிருந்தேன். ஆடி பிறப்பதும் ஆட்டம் நிற்பதும் ஒரே வாரத்தில் வருகிறது என்பது மட்டும் என் மூளைக்கு எட்டவில்லை. "உனக்கு வேணும்யா" என்று மனைவி சிரித்தாள்.

ஆடிக்கு முதல் நாள் போய் அழைத்து வந்தோம். கொஞ்சம் கறுத்திருந்தாள். டம்ளரை வாங்கும்போது பார்த்தேன், வலது கை கட்டைவிரல் முட்டி காய்த்திருந்தது. மறுநாள் ஆடிப் பிறப்பன்று வெயில் ஏறும்வரை தூங்கினாள். எழுப்பப் போன என்னை, "தூங்கட்டும், அம்மா வூட்டுலதான தூங்க முடியும்" என்று மனைவி தடுத்தாள். மாப்பிள்ளை மதியம் வந்து விருந்து சாப்பிட்டார். சொர்ணவாரிப் பட்டத்து நெல் எப்போது அறுப்பு என்று மரியாதையாக விசாரித்தார். வேட்டி சட்டையை வாங்கிக்கொண்டு சாயங்காலம் பைக்கில் தனியாகப் போனார். இந்த ஒரு மாதத்தை நினைத்து அவர் முகம் தொங்கிப்போயிருந்தது. அதில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்தான்.

அவர் வண்டிச் சத்தம் அடங்கின பிறகு வாசலில் உட்கார்ந்திருந்தோம். அப்போதுதான் கேட்டாள்.

"நெட்டையன் எப்பிடி ஆடினுகீறான் நைனா?"

நெட்டையன் என்பது அவள் வைத்த பெயர். ஓடுகிறவன் தொட வேண்டிய மூலைகளை பேஸ் என்பார்கள்; இரண்டாவது பேஸுக்கும் மூன்றாவது பேஸுக்கும் நடுவில் நிற்பவன், ஓடிப் பாய்ந்து பந்தைப் பிடிக்கிற நெட்டையான பையன். அந்த அணியில் பார்க்க லாயக்கானவன் அவன் ஒருவன்தான். அவளுக்குக் கல்யாணமான இரண்டாவது வாரமே பாய்ந்து விழுந்ததில் அவன் தோள் நழுவிவிட்டது. அன்றிலிருந்து ஆடவில்லை. டிவியில் பேசுகிறவர்கள் தினமும் அதைச் சொல்லி ஒப்பாரி வைப்பார்கள். ஒரே ஒரு ஆட்டத்தைப் பார்த்திருந்தாலும் தெரிந்திருக்கும்.

"ஆடினுதான் கீறான்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. உண்மையைச் சொன்னால் அவளைக் கையும் களவுமாகப் பிடித்ததாக ஆகிவிடும் என்று தோன்றியிருக்கலாம். அவள், "அப்பிடியா" என்று சந்தோஷமாகத் தலையாட்டினாள். சனிக்கிழமை விடிகாலை ஆட்டம் திரும்ப ஆரம்பிக்கும், ஆடுகிறவர்கள் பட்டியலைத் திரையில் போடுவார்கள். அவள் பொய்யும் என் பொய்யும் அதுவரைக்கும்தான்.

வெள்ளிக்கிழமை முழுவதும் எனக்குக் கோபமாக இருந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம். ரிமோட்டைப் பிடுங்கிவிட்டார்களா, போனை வாங்கி வைத்துக்கொண்டார்களா, பெண்பிள்ளைக்கு என்ன ஆட்டம் என்று யாராவது சொன்னார்களா என்று ஒவ்வொன்றாகக் கற்பனை செய்து, ஒவ்வொருவரோடும் மனதுக்குள் சண்டை போட்டேன். என் கணக்கே தப்பு என்றால் அவள் அங்கே நன்றாக இருக்கிறாள் என்பதும் தப்புதானே? கிணற்று மோட்டாரைப் போடப் போய்ப் போடாமல் திரும்பி வந்தேன். கோயிலுக்குக் கூழ் எடுத்துக்கொண்டு கிளம்பிய மனைவி, "இன்னா பேஜாராவே கீறே? ரெண்டு நாளு கட்டை இல்லன்னா உசிரா பூடும்?" என்றாள்.

மதியம் மகளிடம் சுற்றி வளைத்துக் கேட்டுப் பார்த்தேன்.

"அங்க டிவி நல்லாத் தெரியுதா?"

"நல்லாத் தெரியுது நைனா. நம்ம வூட்டுத விடப் பெருசு."

அதற்கு மேல் எப்படிக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. ஆட்டம் இல்லாத நாளில் எங்களுக்குப் பேசத் தெரியாது என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

சனிக்கிழமை எனக்கு முன்னால் அவள் எழுந்திருந்தாள். இரண்டு டம்ளரில் டீ ஊற்றி வைத்து, சத்தத்தைக் குறைத்து டிவியையும் போட்டிருந்தாள். பழைய இடத்தில், சுவரில் சாய்ந்து, காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். பட்டியல் வந்தது. மேலிருந்து கீழே ஒரு தடவை படித்தாள். மறுபடியும் படித்தாள். நான் டீயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எப்பலேர்ந்து ஆடல நைனா?"

"நீ போன ரெண்டாவது வாரத்துலேர்ந்து."

முதல் பந்து எறிந்தார்கள். இரண்டு பேரும் திரையைப் பார்த்தபடியே பேசினோம், எப்போதும்போல.

"வாணாம்னாங்களா?"

"யாரும் ஒண்ணும் சொல்லல. அஞ்சு மணிக்கு மாடு கறக்கணும். நாலு மாடு. பால் சொசைட்டி வண்டி வரதுக்குள்ள முடிக்கணும். கறக்கறதுக்கு ரெண்டு கையும் வேணும், போனை எங்க புடிக்கறது? அத்தைக்கு முட்டி வலி, அவங்களால குந்த முடியல. நானாத்தான் செய்யறேன்னு சொன்னேன். வண்டி போனப்புறம் போன்ல ஸ்கோர் மட்டும் பாப்பேன்."

அவள் குரலில் குறை ஒன்றும் இல்லை. நான் நேற்று முழுக்கச் சண்டை போட்ட ஆட்கள் ஒருவரும் அங்கே இல்லை. எனக்கு நிம்மதியாகத்தான் இருந்திருக்க வேண்டும். இருந்தாலும் கேட்டேன்.

"அப்புறம் எதுக்குப் பாத்தேன் பாத்தேன்னு போட்டே?"

எங்கள் ஆள் கட்டையைச் சுழற்றினான், படவில்லை. அவள் டீயை ஒரு வாய் குடித்தாள்.

"நீ ஒண்டியா உக்காந்து பாக்கறேன்னு உனக்குத் தெரிய வாணாம்னுதான்."

பந்து எறிபவனை ஏதோ திட்டினேன். அன்றைக்கும் தோற்றோம்.

ஆடி முழுவதும் பார்த்தோம். நடுவில் போனதையெல்லாம் ஆட்டம் ஆட்டமாக அவளுக்குச் சொன்னேன். நெட்டையன் விழுந்ததை எழுந்து நின்று நடித்துக் காட்டினேன், மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். ஆவணி பிறந்ததும் சீர் தட்டோடு தென்னேரிக்குக் கொண்டுபோய் விட்டு வந்தோம்.

இப்போது நான் "பாத்தியா" என்று அனுப்புவதில்லை. ஐந்து மணிக்குப் போன் செய்கிறேன். காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு அவள் மாட்டின் கீழே உட்காருவாள், நான் டிவியின் சத்தத்தை அடக்கிவிட்டு நடப்பதைச் சொல்வேன். சொல்வது எனக்கு வரவில்லை. அதிகம் பேசிப் பழகாதவன். பந்து உயரமாப் போச்சு, பின்னால ஓடறான், ஓடறான், புடிச்சிட்டான் என்பதற்குள் அடுத்த பந்து வந்துவிடும். "என்னாண்ட ஒரு நாளாவது இவ்ளோ பேசிக்கிறியா?" என்று என் மனைவி போர்வைக்குள்ளிருந்து கேட்கிறாள். மறுமுனையில் மகள் பேசுவது குறைவு. பாத்திரத்தில் பால் விழும் சத்தம்தான் கேட்கும். வெறும் பாத்திரத்தில் முதலில் கிணுகிணுவென்று விழும், நுரை ஏற ஏற அமுங்கிவிடும். அந்தச் சத்தத்தை வைத்து எத்தனையாவது மாட்டில் இருக்கிறாள் என்றுகூடச் சொல்ல ஆரம்பித்துவிட்டேன்.

புரட்டாசியில், பருவம் முடியப் போகிற நேரத்தில், ஒரு நாள் காலையில் நான் சட்டென்று நிறுத்தினேன்.

"இன்னா ஆச்சு நைனா?"

"நெட்டையன் வரான்."

பால் சத்தம் நின்றது. மாடு காலை மாற்றி வைத்தது கேட்டது.

"நெசமாவா?"

"நெசமாத்தான்."

"சொல்லு, சொல்லு."

முதல் பந்துக்குக் கட்டையைச் சுழற்றினான், படவில்லை. இரண்டாவதும் படவில்லை. தோளை ஒரு தடவை உருட்டிவிட்டு நின்றான். மூன்றாவது பந்தையும் விட்டான், மூன்று விட்டால் அவுட். தொப்பியைக் கழற்றிக்கொண்டு திரும்பி நடந்தான். ஒன்றையும் கூட்டாமல் குறைக்காமல் அவளுக்கு அப்படியே சொன்னேன்.

"பரவால்ல நைனா" என்றாள். பால் சத்தம் மறுபடி ஆரம்பித்தது.