ஏரிக்கரையில் நான் திறந்த கமரா

இந்த நாட்டில் சும்மா சைக்கிள் ஓடுவதற்கென்றே உடுப்பு மாற்றுகிறார்கள். சுவிசுக்கு வந்த முதல் கோடையில் எனக்கு அதுதான் பெரிய புதினம். சந்தைக்கில்லை, வேலைக்கில்லை, ஒருவரையும் பார்க்கவுமில்லை. ஞாயிறு காலையில் இறுக்கமான காற்சட்டையோடு புறப்பட்டு, ஏரிக்கரையால் ஓடிவிட்டு வெறுங்கையோடு திரும்புகிறார்கள்.

முதியோர் இல்லத்துச் சலவைப் பகுதியில் என்னோடு வேலைசெய்த ரூத், ஐம்பது வயதுக்காரி, ஒருநாள் தன் மகளின் பழைய சைக்கிளை எனக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினாள். "ஸே" பார்க்கப் போவோம் என்றாள். ஜெர்மன் வகுப்பில் அந்தச் சொல்லைக் கடல் என்று படித்திருந்தேன். உப்புக் காற்று அடிக்கும் என்று எண்ணிக்கொண்டுதான் போனேன். அது தூன் ஏரி; ஏரிக்கும் அதே சொல்தானாம். ஒரு மணமும் இல்லை. விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். குளிர் மட்டும்தான். எனக்குத் தாகம் என்று நினைத்த ரூத், "குடிக்கலாம், நல்ல தண்ணீர்" என்றாள்.

வழியெல்லாம் நிறுத்தி நிறுத்திப் படம் எடுத்தாள். ஊசிக் கோபுரத் தேவாலயம், பழைய நீராவிக் கப்பல், திராட்சைத் தோட்டத்துக்கு மேலே நின்ற கோட்டை. எல்லாம் ஆர்ஜென்டினாவில் கலியாணம் செய்து இருக்கும் மகளுக்கு அனுப்ப. கோட்டையடியில் என்னிடம் கமராவைத் தந்துவிட்டு மதிலோரம் போய் நின்றாள். நான் கண்ணருகே கொண்டுபோகும்போது மோட்டார் சைக்கிள் ஒன்று பக்கத்தில் வந்து நின்றது. சீருடை. இடுப்பில் துவக்கு. இறங்கி வந்தவன் கமராவைக் காட்டிக் கையை நீட்டி ஏதோ கேட்டான்.

என் கை தானாகவே கமராவின் பின்மூடியைத் திறந்தது. படச்சுருளை இழுத்து வெயிலில் விரித்துப் பிடித்தேன். "ஒண்டுமில்லை, பாருங்கோ" என்றேன், தமிழில். அப்பாவின் பெயரைச் சொன்னேன். ஊர் மயிலிட்டி என்றும் சொன்னேன். அவன் அதையெல்லாம் கேட்டிருக்கவில்லை. பயம்கூட வரவில்லை எனக்கு. வீட்டில் பால் பொங்கினால் அடுப்பை நிறுத்துவதுபோல ஒரு வேலை அது, அவ்வளவுதான்.

எண்பத்து நாலில், ஊரில், அண்ணை ஒரு கமரா வைத்திருந்தார். லண்டனுக்குப் போய்விட்ட அக்கா ஊரைப் பார்க்க ஆசைப்படுகிறா என்று, என்னைக் கரியரில் ஏற்றிக்கொண்டு கடற்கரை வீதியால் காங்கேசன்துறைக்குப் போனார். கீரிமலைக் கேணி, சீமெந்து ஆலையின் புகைபோக்கி, வெளிச்சவீடு. வெளிச்சவீட்டை எடுக்கும்போது பின்னால் துறைமுகத்தில் ஒரு கடற்படைக் கப்பல் நின்றது. நாங்கள் அதைக் கவனிக்கவேயில்லை. ஆமிக்காரரின் ஜீப் வந்து மறித்தது. அவர்கள் கமராவுக்குக் கை நீட்டுவதற்குள் அண்ணை மூடியைத் திறந்து சுருளை உருவிவிட்டார். எடுத்தது ஒன்றுமே மிஞ்சவில்லை என்று கண்ட பிறகும் அடித்தார்கள். நான் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடைசியில் போகச் சொன்னார்கள்.

திரும்பும்போது அண்ணையின் காதிலிருந்து வடிந்த இரத்தம் சேட்டுக் கொலரில் காய்ந்திருந்தது.

"படம் போனாப் போகட்டும், பிள்ளை. ஆள் மிஞ்சியிருக்கிறன்" என்றார். கொஞ்சத் தூரம் ஓடிவிட்டு, "உன்னை எங்கையாவது மறிச்சாலும் முதலிலை மூடியைத் திற. விளங்குதே?"

"ஓம் அண்ணை."

நான் சொன்னது அவருக்குக் கேட்கவில்லை. அந்தக் காது பிறகும் கேட்கவேயில்லை.

கோட்டையடியில் அந்தப் பொலிஸ்காரன் முகம் சிவந்து ரூத்திடம் மன்னிப்புக் கேட்டான். எங்கள் இருவரையும் சேர்த்து ஒரு படம் எடுத்துத் தரட்டுமா என்றுதானாம் கேட்டிருக்கிறான். அவன் போன பிறகு ரூத் சுருளைப் பொறுக்கி மெதுவாகச் சுற்றினாள். அவள் மகளுக்கென்று எடுத்த எல்லாமே அதில் வெளிச்சம் பட்டு அழிந்திருந்தன. ஏன் என்று அவள் கேட்டாள். எனக்குத் தெரிந்த ஜெர்மன் சொற்களைத் தேடி எடுத்தேன். "கமரா. சிப்பாய். என்ரை அண்ணன்."

அவள் முகம் தெளிந்தது. "உன் அண்ணன் சிப்பாயா? என் தம்பியும்தான்! ஒவ்வொரு வருஷமும் மூன்று கிழமை பயிற்சிக்குப் போவான். திரும்பும்போது சொக்கலேட் கொண்டுவருவான்."

"யா" என்றேன். மயிலிட்டி அப்போது ஆளில்லாத ஊர். தொண்ணூறில் சண்டையால் எல்லோரும் எழும்பி ஓட, அம்மாவும் அண்ணையும் நல்லூரில் பிள்ளைகளுக்குத் தனியார் வகுப்பு நடந்த ஒரு டியூட்டரிக் கொட்டிலில் ஒதுங்கியிருந்தார்கள். அதைச் சொல்லவும் என்னிடம் ஜெர்மன் இல்லை.

அடுத்த ஞாயிறும் ரூத் வந்தாள். கோபமில்லை. புதுச் சுருளோடு அதே தேவாலயம், அதே கப்பல், அதே கோட்டை. கடைசியில் ஏரியைப் பின்னால் வைத்து என்னைத் தனியாக நிறுத்தினாள். நேரே பார், சிரி என்றாள். சிரித்தேன். நேரே பார்க்கிறேன் என்றுதான் நானும் நினைத்தேன்.

படம் கழுவி வந்ததும் சலவை மேசையில் வைத்துக் காட்டினாள். நீலத் தண்ணீர், பனி மலை, என் வாயில் சிரிப்பு. கண் மட்டும் கமராவில் இல்லை. வீதி திரும்பும் மூலையில், யார் வருகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கிறது.