மச்சான் ஊற்றிய அரை லிட்டர்

ஞாயிறு, மாலை நாலரை மணி. மதுரை தல்லாகுளத்திலிருந்து என் அக்கா ஊரான கீழக்குயில்குடிக்கு ஸ்கூட்டரில் கிளம்பினேன். போக பதினாலு கிலோமீட்டர், வர பதினாலு. இதையும் ஒரு பயணம் என்று எழுத வந்துவிட்டானே என்று சிரிக்காதீர்கள். காசிக்குப் போனவனெல்லாம் சுகமாகத் திரும்பி வந்து எழுதுகிறான். நான் பதினாலு கிலோமீட்டர் போய் மானம் கெட்டு வந்ததை எழுதுகிறேன். எழுதும்போதே பேனா தாளைக் கிழிக்கிறது, அம்புட்டுக் கோபம்.

ஸ்கூட்டர் வைத்திருக்காதவர்களுக்கு ஒன்று சொல்லிவிட வேண்டும். காருக்கு ஆயில் தனி, பெட்ரோல் தனி. ஸ்கூட்டருக்கு அப்படியில்லை, ஆயிலைப் பெட்ரோலோடு கலந்தே டாங்கியில் ஊற்ற வேண்டும். அதற்கென்றே நீர்த்தாற்போல ஒரு ஆயில் வருகிறது. என் வண்டிக்கு லிட்டருக்கு இருபது மில்லி. குறைந்தால் இன்ஜின் இறுகி நின்றுவிடும், கூடினால் பிளக்கில் கரி பிடித்துக்கொள்ளும். நாலு வருடம் பதிந்து வைத்துக் காத்திருந்து வாங்கிய வண்டி என்பதால், பங்க்கில் இறங்கி நின்று அளவுக் குவளையை என் கண்ணால் பார்த்தபிறகுதான் ஊற்ற விடுவேன். அங்கே எனக்கு 'இருபது மில்லி சார்' என்றே பெயர். அன்றும் ஒரு லிட்டர் ஆறு ரூபாய்ச் சொச்சத்துக்குப் போட்டுக்கொண்டுதான் போனேன்.

போன காரியம் சின்னதல்ல. என் அக்கா மகள் செல்விக்கு மறுநாள் காலை ஒன்பதரைக்குத் தல்லாகுளத்தில் ஒரு கம்பெனி ஆபீசில் டைப்பிஸ்ட் வேலைக்குத் தேர்வு. டைப்பிங்கில் லோயர், ஹையர் இரண்டும் பாஸ் செய்தவள். அந்த வீட்டில் பேனா பிடித்து வேலைக்குப் போகப்போகும் முதல் ஆள் அவள்தான். அவள் அப்பா, அதாவது என் மச்சான், விவசாயி. ஒரு மாதம் அக்கா அழுது, நான் போய்ப் போய்ப் பேசி, அவர் இறங்கி வந்திருந்தார்.

"ஒரே ஒரு தடவை போகட்டும் மாப்ள. கெடைச்சா வேலை. கெடைக்கலேன்னா தை மாசம் கல்யாணம். நீயே கூட்டிட்டுப் போயி, நீயே கூட்டிட்டு வந்து விடணும்" என்றார்.

"வண்டி எதுக்கு இருக்கு மச்சான்? ஆபீஸ் வாசல்ல எறக்கி விடுறேன்" என்று நெஞ்சைத் தட்டிச் சொன்னேன். அந்த நெஞ்சை இப்போது நானே குத்திக்கொள்ள வேண்டும்.

ஐந்தேகாலுக்குச் சேர்ந்தேன். ஊரை ஒட்டிய மலை மேல் வெயில் மங்கிக்கொண்டிருந்தது. சமணர் படுக்கை பார்க்க வந்த இரண்டு பேர் இறங்கி வந்து பஸ் எப்போது என்று கேட்டார்கள், சொன்னேன். ராத்திரி கோழிக்குழம்பு. செல்வி சாப்பிடாமல் பலகையின் மேல் விரலால் தட்டிப் பழகிக்கொண்டிருந்தாள்.

திங்கள், காலை ஆறரை. நான் பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது மச்சான் சிரித்த முகத்தோடு வந்தார்.

"மாப்ள, வண்டிக்குத் தீனி போட்டாச்சு."

"என்ன தீனி மச்சான்?"

"ரெண்டு லிட்டரு பெட்ரோலு. நேத்தே டவுன்ல இருந்து கேன்ல வாங்கியாரச் சொல்லிட்டேன். நம்ம வீட்டுக்கு வந்துட்டு வெறும் டாங்கியோடவா போறது? ஆயிலும் ஊத்திட்டேன், அரை லிட்டரு."

வாயில் இருந்த நுரையோடு அப்படியே நின்றுவிட்டேன். "அரை லிட்டரா! என்ன ஆயிலு?"

"நம்ம கெணத்து இன்ஜினுக்கு ஊத்துறதுதான். நாப்பதாம் நம்பரு. புது டின்னை ஒடைச்சேன். உன் வண்டிக்குப் பழசையா ஊத்துவேன்?"

"இல்ல மச்சான், லிட்டருக்கு இருபது மில்லிதான்..."

"இருபது மில்லியா? கண்ணுக்குச் சொட்டு மருந்தா விடுற? இம்புட்டு நாளா வண்டியப் பட்டினி போட்டிருக்க போ! நல்லா ஊத்தி விடு, வழுக்கிக்கிட்டுப் போகும்."

கிணற்று டீசல் இன்ஜினுக்கு ஊற்றும் ஆயில் தேன் மாதிரிக் கெட்டி. ஸ்கூட்டரில் அது எரியாது, அடியில் தங்கிக் கரியாக அடைக்கும். இது எனக்குத் தெரியும். எனக்கு மட்டுமா? செல்விக்கும் தெரிந்திருக்கிறது. "அப்பா, மாமா வண்டிக்கு வேற ஆயில்ப்பா" என்று சொன்னாளாம். "உனக்கு என்ன தெரியும், பேசாம போ" என்று விரட்டியிருக்கிறார். அவள் என்னைத் தனியாகப் பார்த்து, "மாமா, எறக்கிட்டு வேற ஊத்திருங்க" என்றாள். ஒரு ரப்பர் குழாய், ஒரு வாளி, பத்து நிமிஷ வேலை. பக்கத்தில் நாகமலை ரோட்டில் பெட்ரோல் கிடைக்கும்.

ஆனால் எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. இலையில் வைக்க வரும்போது கையைக் குறுக்கே நீட்டலாம். வைத்துவிட்டால் வழித்துத் தள்ளக் கூடாது. ஒரு வீட்டில் வைத்த கறியை எங்கள் அப்பா ஒதுக்கினார் என்று இரண்டு குடும்பம் பதினோரு வருடம் பேசாமல் இருந்தது. டின்னை உடைத்து ஊற்றியவர் கண் முன்னால் அதைத் திருப்பிக் கவிழ்த்தால்? முகம் கோணி, "நீங்க ஒரு எடமும் போக வேணாம்" என்று சொல்லிவிட்டால்? இப்படியெல்லாம் எனக்கு நானே நியாயம் கற்பித்துக்கொண்டு, "பாத்துக்கலாம் செல்வி, இம்புட்டு தூரம்தானே" என்றேன். செருப்பால் அடிக்க வேண்டும் என்னை.

ஏழு ஐம்பதுக்குக் கிளம்பினோம். அக்கா திருநீறு பூசி விட்டாள். மூன்றாவது கிலோமீட்டரிலேயே வண்டி இருமத் தொடங்கிவிட்டது. தேனி ரோட்டில் ஏறியபோது பின்னால் ரோடே தெரியவில்லை, அவ்வளவு புகை. எதிரே கரும்பு ஏற்றி வந்த மாட்டு வண்டிக்காரர், "அண்ணே, கொசுவுக்கு மருந்து அடிக்கிறீகளா? எங்க தெருவுக்கும் வந்துட்டுப் போங்க!" என்று கத்தினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பதில் சொல்ல வாய் திறந்தால் வண்டி நின்றுவிடுமோ என்று பயம், ஹேண்டிலை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். செல்வி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு இன்னொரு கையால் சர்டிபிகேட் பையை மார்போடு அணைத்திருந்தாள்.

காளவாசல் பக்கம் ரோடு தோண்டிக் கிடந்தது. விராட்டிபத்தில் திரும்பிக் கோச்சடை வழியாகப் போனேன். எட்டு இருபத்தைந்துக்குக் கோச்சடையில் வண்டி இரண்டு உலுக்கு உலுக்கி நின்றது. உதைத்தேன், உதைத்தேன், கால் சுளுக்கியதுதான் மிச்சம். ஒரு பர்லாங் தள்ளிக்கொண்டு போய்த் தகரக் கொட்டகை போட்ட ஒரு மெக்கானிக் பாயிடம் நிறுத்தினேன். அவர் பிளக்கைக் கழற்றிப் பார்த்தார். அடுப்புக்கரி தோற்றது.

"யாருண்ணே இதுல ஆயில் ஊத்துனது?"

"எங்க மச்சான்."

"உங்களுக்கும் அவருக்கும் ஏதாச்சும் பகையா?"

"பாசம் பாய், பாசம்!" என்று கத்தினேன். கொட்டகையில் இருந்த நாலு பேரும் சிரித்தார்கள்.

புது பிளக் ஒன்பது ரூபாய். போட்டார், ஓடியது, புகைந்தது, நின்றது. அதைத் துடைத்துப் போட்டார், அதே கதை. "டாங்கியக் கவுக்கணும், கார்பரேட்டரக் கழுவணும், சைலன்சரைச் சுட்டு எடுக்கணும். அரை மணி நேரம் ஆவும்" என்றார். மணி எட்டே முக்கால்.

"மாமா, நான் பஸ்ல போறேன்" என்றாள் செல்வி. எதிரிலேயே பஸ் ஸ்டாப். ஒரு டவுன் பஸ் ஆளை ஏற்றிக்கொண்டிருந்தது. அதில் ஏறியிருந்தால் ஒன்பது இருபதுக்கு ஆபீஸ் வாசலில் நின்றிருப்பாள்.

"தனியாவா? உங்கப்பாவுக்கு வாக்குக் குடுத்திருக்கேன்."

"ரெண்டு வருசமா டைப் கிளாசுக்கு நான் யாரோட போனேன்?"

"அது வேற, இது வேற. இந்தா முடிஞ்சிரும்" என்றேன். சரி, நானும் அவளோடு பஸ் ஏறியிருக்கலாமே என்கிறீர்களா? வண்டியைப் போட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை. இதுதான் உண்மை, எழுதிவிட்டேன். அந்த பஸ் போனது. அடுத்ததும் போனது. டாங்கியின் அடியிலிருந்து ஆயில் கட்டியாக வடிவதை நான் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்பது பத்துக்கு நிமிர்ந்தால் பக்கத்தில் செல்வி இல்லை. ரோட்டைக் கடந்து ஓடி மூன்றாவது பஸ்ஸின் படியில் ஏறிக்கொண்டிருந்தாள். "செல்வி!" என்று கத்தினேன். அவள் திரும்பவே இல்லை.

பாய் வேலையை முடிக்கும்போது ஒன்பதே முக்கால். கூலி எட்டு ரூபாய் கொடுத்துவிட்டு, பங்க்கில் பெட்ரோல் போட்டுக்கொண்டு, வைகையைத் தாண்டித் தல்லாகுளம் போய்ச் சேர்ந்தேன். மணி பத்தேகால். ஆபீஸ் வாசலில் வேலியோரம் செல்வி நின்றுகொண்டிருந்தாள். உள்ளேயிருந்து டைப்ரைட்டர்கள் தட்டும் சத்தம் கேட்டது.

"ஒம்போதே முக்காலுக்கு வந்தேன். கதவச் சாத்திட்டாங்க. எம்புட்டோ கெஞ்சிப் பாத்தேன். மூணு மாசம் கழிச்சு இன்னும் ரெண்டு பேரு எடுப்போம், அப்ப வாங்கன்னுட்டாங்க." அழவில்லை. அழுதிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

மூன்று மாதம் என்றால் தை தாண்டிவிடும். திரும்பும் வழியில், "ரயில்வே கேட்டுல மாட்டிக்கிட்டோம்னு அப்பாகிட்ட சொல்லிருவோம்" என்றேன். பின்னாலிருந்து குரல் வந்தது: "சொல்லுங்க மாமா. தை மாசம் என் கல்யாணத்துக்கு அந்தக் கேட்டையும் கூப்பிடுங்க."

நான் ஆக்சிலேட்டரை முறுக்கினேன்.

பதினொன்றேகாலுக்குக் கீழக்குயில்குடி. மச்சான் களத்திலிருந்து ஓடி வந்தார். "என்ன மாப்ள, வண்டி வழுக்கிக்கிட்டுப் போச்சா?"

வந்ததே எனக்குக் கோபம்! மரியாதையாவது மண்ணாங்கட்டியாவது. "நீங்க ஊத்துன ஆயில்ல வண்டி கோச்சடையில செத்துப் போச்சு மச்சான். கெணத்து இன்ஜின் ஆயில ஸ்கூட்டருக்கு ஊத்துவாங்களா? புள்ள பரீட்சை போச்சு!"

அவர் முகம் சுண்டிவிட்டது. வண்டியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"காலையிலயே தெரியும்."

"தெரிஞ்சும் எதுக்கு ஏறிப் போன?"

"நீங்க கோவிச்சுக்குவீகன்னு..."

"கோவிச்சுக்கிட்டா என்னடா? ரெண்டு வார்த்தை வைவேன். அப்புறம் நானே வாளியக் கொண்டாந்து பிடிச்சிருப்பேன்! என் இன்ஜின்ல நீ பெட்ரோல ஊத்த வந்தா உன் கையப் புடிச்சுத் தடுக்க மாட்டேனா? எனக்குத் தெரியாது, ஊத்திட்டேன். படிச்சவன், உனக்குத் தெரியும்ல! நான் முட்டாப்பய, நீ யாரு?"

நான் பதினாலு கிலோமீட்டரும் சேர்த்து வைத்துக்கொண்டு வந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. அக்கா சொம்பில் தண்ணீர் கொண்டு வந்து நீட்டினாள். வாங்கவும் கூச்சமாக இருந்தது.

"தை மாசப் பேச்சு இனி இல்ல" என்றார் மச்சான், அக்காவைப் பார்த்து. "மூணு மாசம் கழிச்சு நானே கூட்டிட்டுப் போறேன். இவன் மரியாதைய நம்பி எம்புள்ளைய அனுப்ப மாட்டேன்."

வாசற்படியில் உட்கார்ந்து சேலையில் பட்ட கரியைத் தேய்த்துக்கொண்டிருந்த செல்வி தலையைத் தூக்கினாள்.

"ரெண்டு பேரும் வர வேணாம். எனக்குப் பஸ் ஏறத் தெரியும்."