சங்கு ஊதின நேரத்தில் மலைக்குப் போனவள்

சைபர். இந்த எண்ணை முதலில் மனதில் போட்டுக்கொள்ளுங்கள்.

சாம்பல் அணிலுக்கென்று ஸ்ரீவில்லிபுத்தூர் மலையைச் சரணாலயமாக அறிவித்த மறு வருஷத்திலிருந்து, ராஜபாளையத்து இயற்கை மன்றம் செண்பகத்தோப்பு அடிவாரத்தில் மாணவர் முகாம் நடத்தி வந்தது. வருஷத்துக்கு ஒன்று, மொத்தம் நாலு முகாம். பிள்ளைகள் கூடாரத்தில் படுத்து எழுந்து, விடியலில் காட்டுக்குள் நடந்து, மரத்தின் பெயரும் பறவையின் பெயரும் கற்றுக்கொண்டு, ஓடையில் கிடக்கும் பிளாஸ்டிக் பைகளைப் பொறுக்கிவிட்டு ஊர் திரும்பினார்கள். நல்ல காரியம்தான், யாரும் குறை சொல்ல முடியாது. அந்த நாலு முகாமிலும் கலந்துகொண்ட பொம்பளைப் பிள்ளைகள் எத்தனை பேர்? அதுதான் மேலே சொன்ன எண்.

பொம்பளை என்று ஒருத்தி மட்டும் நாலு முகாமுக்கும் போயிருந்தாள். பெயர் பரிபூரணம். சமையலுக்குப் போனாள்.

பரிபூரணம் நூல் மில்லில் ரிங் பிரேம் செக்‌ஷனில் வேலை பார்த்தாள். ஓடுகிற மிஷினில் அறுந்துபோகும் நூலைக் கைவிரலால் ஒட்டிக்கொண்டே நாள் முழுக்க நடக்கிற வேலை. அந்த இரைச்சலில் பதினைந்து வருஷம் நின்றவளுக்குக் காது பாதி போயிருந்தது. காது போனதால் குரல் கூடியிருந்தது. சர்ச்சில் அவள் பாட்டுப் பாடினால் முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். பார்க்கட்டும் என்று இன்னும் கொஞ்சம் ஏற்றிப் பாடுவாள். கல்யாணம் வேண்டாம் என்று வீட்டில் சொன்னாள். அது ஒரு பெரிய சண்டை. அதில் ஜெயித்தவள்.

மன்றத்தில் அவளை யாரும் கூப்பிட்டுச் சேர்க்கவில்லை. ஓர் ஆடி அமாவாசை முடிந்து அய்யனார் கோயில் ஆற்றில் குளிக்கப் போன இடத்தில், எவனோ உடைத்துப் போட்ட பாட்டில் காலில் ஏறிவிட்டது. பாறையில் உட்கார்ந்து சேலைத் தலைப்பைக் கிழித்துக் கட்டினாள். கட்டிய கையோடு எழுந்து சில்லுகளைப் பொறுக்க ஆரம்பித்தாள். சாக்குப் பையோடு அங்கே வந்த மன்றத்துக்காரர்கள், தங்களுக்கு முன்னால் ஒருத்தி நொண்டிக்கொண்டே பொறுக்குவதைப் பார்த்தார்கள். அன்றிலிருந்து மரக்கன்று நடுவதற்கும் வந்தாள், குப்பை அள்ளவும் வந்தாள். முகாம் தொடங்கியபோது அவளுக்கு அடுப்பைக் கொடுத்தார்கள்.

நாலாவது முகாமில்தான் அது நடந்தது. விடியல் நடை போய்விட்டுப் பையன்கள் கூட்டமாகத் திரும்பினார்கள். பரிபூரணம் அண்டாவில் ரவை கிண்டிக்கொண்டிருந்தாள். ஒரு பயல் இரண்டு கையையும் அகல விரித்து ஓடிவந்தான்.

"அக்கா, இம்புட்டு நீள வாலு! ஒடம்பை விட வாலு பெருசு! மரத்துக்கு மரம் பறக்குதுக்கா!"

"எங்கலே?"

"அந்தா, ஓடைக்கு அங்கிட்டு. நீங்க பார்த்ததில்லையா?"

அவள் பார்த்ததில்லை. அணில் கூட்டைவிட்டு மேயக் கிளம்புகிற நேரமும் உப்புமா கிண்டுகிற நேரமும் ஒன்றாகவே இருந்தது. அணிலுக்காக நடந்த நாலு முகாமுக்குச் சமைத்தவள், அணிலின் வாலைக்கூடப் பார்க்கவில்லை.

கரண்டியை அண்டாவிலேயே போட்டுவிட்டுச் சங்கரலிங்கத்திடம் போனாள். சங்கரலிங்கம் மன்றத்தின் செயலாளர். காந்தி சிலைப் பக்கம் இரும்புச் சாமான் கடை வைத்திருந்தார். கெட்ட மனுஷன் இல்லை. முகாம் பஸ்ஸுக்குக் கைக்காசு போடுகிறவர். காட்டில் விறகு வெட்டுகிறவர்களோடு மல்லுக்கு நின்றவர். ஆனால் அவருடைய காட்டில் பொம்பளைக்கு இடம் அடுப்படிதான்.

"அண்ணாச்சி, நாளைக்கு நானும் நடைக்கு வாரேன்."

"நீ வந்துட்டா சாம்பார் யாரும்மா வைப்பா?"

"சரி. அடுத்த வருசம் நான் சாம்பார் வைக்க வரலை. பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு வருவேன். பொம்பளைப் பிள்ளைகளை."

சங்கரலிங்கம் சிரித்தார். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். ரவை அடிப்பிடித்துவிட்டது. அன்றைக்கு எல்லோரும் அதைத்தான் தின்றார்கள்.

அடுத்த வருஷம், 1993 மார்ச்சில், சங்கரலிங்கத்தின் கடை மாடியில் மன்றத்துக் கூட்டம். பரிபூரணம் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்திருந்தாள்.

"பொட்டப் பிள்ளைகளை ராத்திரி காட்டுல தங்க வைக்க முடியுமா? நடக்கிற கதையாப் பேசும்மா" என்றார் சங்கரலிங்கம்.

"தங்க வேண்டாம். விடியக்காலம் கிளம்பி மத்தியானம் திரும்பிருவோம்."

"விடியக்காலம் அஞ்சு மணிக்கு வயசுப் பிள்ளை ரோட்டுல போனா ஊரு என்ன பேசும்?"

பரிபூரணத்துக்கு வேண்டியது அந்த வார்த்தைதான். எழுந்து நின்றாள். அவள் குரல் கீழே கடையில் ஆணி எடை போடுகிறவனுக்கும் கேட்டது.

"அஞ்சு மணிக்கு மில்லுச் சங்கு ஊதுதே, அப்ப ரோட்டுல யாரு போறா? தூக்குச்சட்டியோட போற அம்புட்டும் வயசுப் பிள்ளைக. ஊரு என்ன பேசுச்சு? ஒண்ணும் பேசலை. மில்லுக்குப் போனா மானம் போகாது, மலைக்குப் போனா போயிருமோ?"

கடைசியில் சங்கரலிங்கம் சொன்னார்: "மன்றத்துப் பேரைச் சொல்லிக்கிட்டுப் போகக்கூடாது. அம்புட்டுத்தான்."

"பேரை நீங்களே வச்சுக்கிடுங்க. மலை உங்க பேர்ல இல்லைல்ல?"

மாடிப்படி அதிர இறங்கிப் போனாள்.

வாய் ஜெயித்துவிட்டது. பிள்ளைகள் வேண்டுமே? மில்லில் அவளுக்குப் பக்கத்து மிஷினில் நின்றவள் வேலுத்தாய். வேலுத்தாய்க்கு அய்யம்மாள் என்று ஒரு மகள். எட்டாவது பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாள். ஜூன் பிறந்தால் அவளும் மில்லுக்கு. அது வீட்டில் முடிவாகிவிட்ட விஷயம். ஜூனுக்குப் பிறகு அந்தப் பிள்ளை எந்த மலையைப் பார்க்கப் போகிறது? அதற்குள் ஒரு தடவையாவது அவளைக் கூட்டிப்போக வேண்டும் என்று பரிபூரணம் மனதுக்குள் சபதம் போட்டிருந்தாள். ஷிப்டு முடிந்து மில் வாசலில் வைத்துக் கேட்டாள். வேலுத்தாய் பிடி கொடுக்கவில்லை.

"வேண்டாம் மதினி. அவ அப்பா என்னைய வெட்டிப் போட்டிருவாரு."

"ஏட்டி, ஜூன் மாசம் அவளை எத்தனை மணிக்கு வீட்டை விட்டு அனுப்புவ?"

"அஞ்சுக்கு."

"அப்ப வெட்ட மாட்டாராக்கும்?"

வேலுத்தாய் தூக்குச்சட்டியைக் கை மாற்றினாள்.

"ஆயுசு பூரா அந்த அஞ்சு மணியை மில்லுக்குக் குடுக்கப் போறா. ஒரே ஒரு அஞ்சு மணியை எனக்குக் குடு."

வேலுத்தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பஞ்சுத் தூசி என்று சொல்லிக்கொண்டாள்.

மே மாதத்தில் மில்லின் வார லீவு நாள். பக்கத்து மில்லுக்கு லீவு இல்லை, சங்கு ஊதியது. சங்கு ஊதின நேரத்துக்கு ஒன்பது பொம்பளைகள் தூக்குச்சட்டியோடு தெருவில் இறங்கினார்கள். அய்யம்மாளைப் போலச் சின்னப் பிள்ளைகள் நாலு பேர், வேலுத்தாயோடு சேர்த்து மில் வேலைக்காரிகள் ஐந்து பேர். மாங்காய் ஏற்றப் போகிற டிராக்டர் ஒன்று காலிக் கூடைகளோடு செண்பகத்தோப்புத் தோப்புகளுக்குப் புறப்பட்டது. அதில் ஏறிக்கொண்டார்கள். டிரைவர் ஊரைச் சுற்றிப் பின்பக்கமாகப் போய்விடலாம் என்றான்.

"எதுக்கு? நாம என்ன திருடியா போறோம்? காந்தி சிலை வழியா விடுலே" என்றாள் பரிபூரணம்.

சங்கரலிங்கம் டீக்கடையில் நின்றிருந்தார். டிராக்டர் தாண்டும்போது அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். அவர் கையில் டீ கிளாஸ் இருந்தது. பதிலுக்குக் கும்பிட முடியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மம்சாபுரம் தாண்டி மலை பக்கத்தில் வந்ததும் பேச்சு கிளம்பிவிட்டது. அடிவாரத்தில் வனக்காவலர் பேச்சிமுத்து கையைக் குறுக்கே நீட்டினார்.

"யாரு பொறுப்பு?"

"நான்தான்."

"ஆம்பளை யாரும் வரலையா?"

"மலைக்குள்ள எத்தனை ஆம்பளை அணிலு இருக்கு? அது போதும்."

பேச்சிமுத்து சிரித்துவிட்டு வழி விட்டார். ஆனால் உள்ளே போனவர்கள் ஒரு வாலையும் பார்க்கவில்லை. காரணம் லேசானது. மில்லுக்காரிகளுக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. இரைச்சலுக்குப் பழகிய தொண்டைகள். ஒருத்தி "ஏட்டி, அந்த மரத்தைப் பாரு" என்றால் அந்த மரத்தில் இருந்த அம்புட்டும் பறந்துவிடும். மலையணில் தரைக்கு வராத பிராணி. உச்சாணிக் கிளையில் இருந்தபடியே ஆள் அரவம் கேட்டு இலைக்குள் ஒட்டிக்கொள்ளும். மதியம் வரை அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்ததுதான் மிச்சம்.

"ஏ தாயி, நீங்க பேசுதது மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவுக்கே கேட்டிருக்கும்" என்றார் பேச்சிமுத்து.

செய்தி டிராக்டருக்கு முன்னால் ஊர் போய்ச் சேர்ந்தது. "ஒம்போது பேரு போயி ஒரு கூட்டைக்கூடப் பார்க்கலையாம்லா? பொம்பளை வாய்க்கும் காட்டுக்கும் ஆகுமாய்யா?" என்று கடையில் வைத்துச் சங்கரலிங்கம் சொன்னது மறுநாளே மில்லுக்குள் வந்துவிட்டது. வேலுத்தாயின் வீட்டுக்காரர் இனிமேல் மகளை அனுப்புவதில்லை என்று சொல்லிவிட்டார். பார்த்துவிட்டு வந்திருந்தாலாவது வாயடைக்கலாம். பார்க்காமல் வந்ததற்கு என்ன பதில் இருக்கிறது?

அன்றைக்கு ஷிப்டில் பரிபூரணம் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. அந்த இரைச்சலில் காதுக்குள் கத்தினாலும் கேட்காது. மில்லில் எல்லாப் பேச்சும் கையில்தான். வா என்றால் ஒரு சைகை, நூல் அறுந்தது என்றால் ஒரு சைகை, பசிக்கிறது என்றால் ஒன்று. மீசையை முறுக்கிக் காட்டினால் சூப்பர்வைசர் வருகிறார் என்று அர்த்தம். எதிர் வரிசையிலிருந்து வேலுத்தாய் கையை ஆட்டிக் கேட்டாள்: என்ன கோபம்? பரிபூரணம் கையாலேயே திட்டினாள். வேலுத்தாய் கையாலேயே பதிலுக்குத் திட்டினாள். திட்டிக்கொண்டே இருந்த பரிபூரணத்தின் கை பாதியில் நின்றுவிட்டது. தன் கையையே ஒரு தடவை பார்த்தாள். பிறகு சிரித்தாள். செத்த நேரம் கழித்து வேலுத்தாய்க்கும் விளங்கிவிட்டது.

அன்று சாயந்திரம் வேலுத்தாய் வீட்டுக்காரரிடம் பரிபூரணம் நேராகப் போனாள்.

"அண்ணே, இன்னும் ஒரு லீவு நாளு. அன்னைக்கும் பார்க்காம வந்தா நான் மலைப் பேச்சையே எடுக்க மாட்டேன். ஊரு முன்னால சொல்லுதேன்."

அவர் அதற்கு ஒத்துக்கொண்டதே, இவள் வாய் அடங்கினால் போதும் என்ற ஆசையில்தான்.

அடுத்த லீவு நாள். அதே சங்கு, அதே டிராக்டர், அதே காந்தி சிலை. இந்தத் தடவை டீக்கடையில் நின்ற சில பேர் கை தட்டிக் கேலி செய்தார்கள். ஓடைக்கரையில் பரிபூரணம் எல்லோரையும் நிறுத்தினாள்.

"இந்தத் தண்ணியைத் தாண்டினா மில்லுக்குள்ள நுழைஞ்ச மாதிரி. வாய்க்கு வேலை இல்லை. கொலுசைக் கழத்தி முடிஞ்சுக்கோங்க."

தாண்டினார்கள். பிள்ளைகளுக்குத் தனியாகச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. காது மந்தமான ஆத்தாமார்களோடு வீட்டில் பேசிப் பேசி அந்தச் சைகைகள் அவர்களுக்கும் கைவந்திருந்தன. ஒன்பது பேரும் வரிசையாக நடந்தார்கள். காலடியில் சருகு நொறுங்குகிற சத்தம் மட்டும். நில், குனி, இடது பக்கம் பார், மெதுவாக வா என்று எல்லாம் கையில் ஓடியது. பின்னால் வந்த பேச்சிமுத்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஒன்பது பேரும் திரும்பி அவரை முறைத்தார்கள். அவரும் வாயைப் பொத்திக்கொண்டார்.

முதலில் பார்த்தது அய்யம்மாள். ஒரு மருத மரத்தடியில் அப்படியே நின்றுவிட்டாள். மேலே கையைக் காட்டவில்லை. திரும்பி, இல்லாத மீசையை இரண்டு விரலால் முறுக்கினாள்.

சூப்பர்வைசர் வருகிறார்.

எல்லோரும் அண்ணாந்தார்கள். குச்சியும் இலையும் பின்னிய பெரிய கூட்டின் ஓரத்தில் ஒரு மூக்கு வந்தது. பிறகு தலை. பிறகு நரைத்த சாம்பல் உடம்பு. கடைசியாக அந்த வால், புகை மாதிரி. அது கிளையில் வயிற்றைப் போட்டுப் படுத்து, வாலைத் தொங்கவிட்டு, கீழே நிற்கும் ஒன்பது பேரையும் வேலை சரியாக நடக்கிறதா என்று பார்த்தது. வேலுத்தாய் சேலைத் தலைப்பை வாயில் திணித்துச் சிரிப்பை அடக்கினாள். அது எழுந்து, கிளை நுனி வரை ஓடி, வெட்டவெளியில் பாய்ந்து அடுத்த மரத்தைப் பிடித்தது. அய்யம்மாளின் இரண்டு கையும் தானாக மேலே போயின. அதற்குச் சைகை எதுவும் மில்லில் இல்லை.

பரிபூரணம் அழவில்லை. நாலு முகாம் உப்புமாவுக்குக் கணக்குத் தீர்ந்தது என்பது போல ஒரு தலையாட்டல். அவ்வளவுதான்.

ஊர் திரும்பும்போது டிராக்டரைக் காந்தி சிலையில் நிறுத்தச் சொன்னாள். சங்கரலிங்கம் கடையில் இருந்தார். பரிபூரணம் இறங்கவில்லை, பேசவில்லை. டிரெய்லரில் நின்றபடி அவரைப் பார்த்து மீசையை முறுக்கிக் காட்டினாள். மற்ற எட்டுப் பேரும் முறுக்கினார்கள். அர்த்தம் புரியாமல் அவர் தன் மீசையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

ஜூனில் அய்யம்மாள் மில்லுக்குத்தான் போனாள். அதை மாற்ற பரிபூரணத்தால் முடியவில்லை. முடிந்தது என்று பொய் எழுதுவதில் லாபமில்லை. ஆனால் ஒவ்வொரு லீவு நாளிலும் அந்தப் பிள்ளை மலைக்கு வந்தாள். கூடவே மில்லிலிருந்து புதிதாக ஆட்களையும் அவர்கள் வீட்டுப் பிள்ளைகளையும் கூட்டிவந்தாள். வந்த பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் போய்ச் சொன்னார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வீட்டில் சண்டை போட்டார்கள். செட்டியார்பட்டியிலிருந்தும் மம்சாபுரத்திலிருந்தும் ஆத்தாமார்கள் மன்றத்துக்கு வந்து, எங்க பிள்ளைகளுக்கு மட்டும் முகாம் கிடையாதா என்று கேட்கத் தொடங்கியபோது, சங்கரலிங்கம் பரிபூரணத்தின் தெருவுக்கு அவராகவே நடந்து வந்தார்.

"ஏம்மா, இந்த வருச முகாமுக்கு நம்ம மன்றத்துப் பேர்லயே பிள்ளைகளைக் கூட்டிட்டு வாயேன்."

"வாரேன். சாம்பார் யாரு வைப்பா?"

சங்கரலிங்கம் தலையைச் சொறிந்தார். "நாங்கதான் வைக்கணும் போல."

"உப்பைப் பார்த்துப் போடுங்க அண்ணாச்சி."

உப்புப் போட மறந்துவிட்டார்கள். யாரும் குறை சொல்லவில்லை. பிள்ளைகள் அத்தனை பேரும் விடியல் நடையில் இருந்தார்கள்.

1994 முகாமில் பொம்பளைப் பிள்ளைகள்: நாற்பத்தொன்று.