செம்பிக்கு விரித்த படுக்கை

பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு லயத்து வீட்டுக்கு வந்ததும் கலாராணி, சேலை நனையாமல் இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கை அவிழ்த்து வாசல் இஸ்தோப்புச் சுவரில் ஓங்கி அடிப்பாள். ஈரம் தெறிக்கும், மலையிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்த அட்டைகள் உதிரும். கலியாணமாகி ஸ்பிரிங்வெளித் தோட்டத்துக்கு வந்த நாளிலிருந்து இதுதான் வழக்கம். அந்தச் சத்தம் கேட்டதும் பக்கத்துக் காம்பரா வீட்டில் வேலாயி தன் மகளிடம், "கலா வந்துட்டா, கேத்தல அடுப்புல வையி" என்பாள்.

கலாராணி அதிகம் பேசமாட்டாள். மற்றவர்கள் ஊர்க்கதை பேசிக் கொழுந்தெடுக்கும்போது, வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டுவாள். புருஷன் போய்ச் சேர்ந்து, ஒரே மகளும் கொழும்புக்கு வேலைக்குப் போன பிறகும், மூன்று பேருக்கு மாவு பிசைகிற கை மட்டும் மாறவில்லை.

போன ஐப்பசியில் பதுளைக்குக் கிளினிக் போனவள், ஒரு நாயோடு ஆட்டோவில் வந்து இறங்கினாள். கைவிட்ட நாய்களைக் காப்பாற்றி வளர்க்கிற குழு ஒன்று, அவற்றைக் கேட்பவர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்ததாம். காது கிழிந்த இந்தச் செவலை மட்டும் வந்து இவள் காலில் சாய்ந்துகொண்டதாம். செம்பி என்று பேர் வைத்தாள்.

"லயத்துக்கு லயம் நாய் கெடக்கு. இவ டவுனுக்குப் போயி கையெழுத்து வச்சு எடுத்துட்டு வந்துருக்கா!" வேலாயி கைதட்டிச் சிரித்தாள். "சீதனம் என்னாடி குடுத்தாங்க?"

"கழுத்துக்குப் பட்டி" என்றாள் கலாராணி.

நாயைக் கட்டிப்போடக் கூடாது, வீட்டுக்குள்தான் படுக்கவைக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். குழுவிலிருந்து தயானி என்ற பெண் வந்து பார்ப்பாள். சரிப்படாவிட்டால் திருப்பிக் கூட்டிப் போய்விடுவாள்.

கலாராணி ஒரு குறையும் வைக்கவில்லை. தனக்கென்று மடித்து வைத்திருந்த புதுப் படங்குச் சாக்கை எடுத்து அடுப்புக்குப் பக்கத்தில் விரித்தாள். அந்தக் குளிருக்கு அவளிடம் அதைவிடக் கதகதப்பான பொருள் இல்லை. செம்பி வாசற்படியைத் தாண்டவில்லை. மழையில், வெளியே தண்ணீர் ஓடும் கானோரமாகச் சுருண்டு கிடந்தது. அவள் வேலை முடிந்து வரும்போதெல்லாம் நின்ற இடத்திலேயே மூத்திரம் விட்டு, தேயிலைக்குள் ஓடி ஒளிந்தது. கருவாட்டுத் தலை போட்டு வைத்த சோற்றில் எறும்பு மொய்த்தது.

"ஒன்ன அதுக்குப் புடிக்கலடி. குடுத்துத் தொல" என்றாள் வேலாயி.

தயானி போனில் விசாரித்தபோது கலாராணிக்குப் பொய் வரவில்லை. "சாப்புடுதில்லங்க மிஸ்" என்று சொல்லிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு வந்து கூட்டிப்போவதாகத் தயானி சொன்னாள். அன்று கலாராணிக்கும் ரொட்டி இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவள் பீலியில் கொட்டும் தண்ணீரில் துணி துவைத்துக்கொண்டிருந்தபோது, செம்பி தானாக வந்து அவள் முழங்கையை முகர்ந்தது. திங்கட்கிழமை வேலை விட்டு வந்தவளைக் கண்டதும் பழையபடி ஓடியது. கலாராணி நின்ற இடத்திலேயே நின்று தன்னைக் குனிந்து பார்த்தாள். சேலை நேற்றுக் கட்டியதுதான். இடுப்பில் சாக்கு இருந்தது. அவள் அதை அவிழ்த்துப் புதருக்குப் பின்னால் வீசிவிட்டு, தரையில் உட்கார்ந்தாள். கொஞ்சம் கொஞ்சமாக ஒரு செவலைத் தலை வெளியே வந்தது.

உள்ளே போய், அடுப்பருகே விரித்திருந்ததையும் உருவி எறிந்தாள். பழைய சேலை ஒன்றை விரித்தாள். இருட்டுவதற்குள் செம்பி வாசற்படியைத் தாண்டியது.

மறுநாள் மாலை தயானி கயிற்றோடு வந்தாள். செம்பி அடுப்படியில் தட்டை நக்கிக்கொண்டிருந்தது.

"சாக்குக்குத்தாங்க மிஸ் பயந்துருக்கு. நாந்தான் தெரியாம அதையே விரிச்சுப்புட்டேன்."

தயானியின் முகம் மாறியது. "இதச் சாக்குல கட்டித்தான் ஆத்தோரமாப் போட்டிருந்தாங்க அக்கா. உங்ககிட்ட சொல்லாம விட்டது என் பிழை" என்றாள். கயிற்றைச் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டு, பால் ஊற்றாத சாயத்தண்ணி ஒன்று குடித்துவிட்டுப் போனாள்.

கலாராணி வேலைக்குக் கட்டும் படங்கு இப்போது வேலாயி வீட்டுச் சுவரில் தொங்குகிறது. "நாய்க்காக ஏஞ்செவுத்துல ஆணி அடிக்க வச்சிட்டா" என்று அவள் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிக்கிறாள்.

சாமான் வருகிற நாளில் ஆட்கள் மாவுச் சாக்குகளைத் தோளில் சுமந்துகொண்டு லயத்து வழியே போவார்கள். அப்போது கலாராணி வாசற்படியில் உட்கார்ந்து, செம்பியின் கண்களை உள்ளங்கையால் மூடிக்கொள்கிறாள். கடைசி ஆள் போய் மறையும்வரை கையை எடுப்பதில்லை.