மூன்றாம் சுற்றும் முன்படிக்கட்டும்

ராஜமாணிக்கம் வாழ்க்கையில் ஒரு தடவைகூடப் பந்தை உதைத்ததில்லை. ஆஃப்சைடு என்றால் என்ன என்று கேட்டால் இன்றைக்கும் முழிப்பார். அப்படிப்பட்ட ஆளிடம்தான் எங்கள் கம்பெனி கால்பந்து கிளப், எந்தக் கல்லூரிப் பையனை எடுக்கலாம் என்று யோசனை கேட்டது. வெளியூரில் சொன்னால் சிரிப்பார்கள். நானே சிரித்தவன்தான்.

அவர் எங்கள் கம்பெனி பஸ் டிரைவர். சொந்த ஊர் பள்ளிப்பட்டுப் பக்கம். அப்பா கரும்பு வெட்டப் போனவர். மகன் லாரியில் கிளீனராக ஏறி, ஸ்டியரிங் பிடித்து, இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் கும்மிடிப்பூண்டிக்கு வந்து சேர்ந்தார். மனைவி கங்கம்மா தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை பார்க்கிறார். நான் ஸ்டோர்ஸில் இருக்கும் சின்னராசு. தினமும் அவர் வண்டியில்தான் போய்வருகிறேன்.

இருபத்திரண்டு வருஷமாக ஷிப்ட் முடிந்து இறங்குகிறவர்களைப் பார்த்துப் பார்த்து அவருக்கு ஒரு கண் வந்திருந்தது. யாருக்கு இடுப்பு பிடித்திருக்கிறது, யார் அடிபட்டதைச் சூப்பர்வைசரிடம் சொல்லாமல் மறைக்கிறார்கள் என்பதெல்லாம் அவர்கள் பஸ்ஸை விட்டு இறங்கும் விதத்திலேயே அவருக்குத் தெரிந்துவிடும். பேக்கிங் செக்‌ஷன் முத்தம்மாவை ஒருநாள் நிறுத்தி, "ஏம்மா, ரெண்டு நாளா வலது காலை வெச்சே எறங்க மாட்ற. லீவு போட்டுட்டு ஆஸ்பத்திரி போ" என்றார். போனால், பாதத்தில் எலும்பு விரிசல். அந்த அம்மா இன்னும் அவரைப் பார்த்தால் கையெடுத்துக் கும்பிடும்.

போன வருஷம்தான் எங்கள் வட்டாரத்துக் கம்பெனிகள் எட்டு சேர்ந்து சம்பளம் கொடுத்து ஆடவைக்கும் கால்பந்து லீக் தொடங்கின. கல்லூரி முடிக்கும் பையன்களைச் சுற்று முறையில் ஒவ்வொரு கிளப்பும் ஒவ்வொருவராக எடுத்துக்கொள்ள வேண்டும். எங்கள் எச்.ஆர். ஆபீசர் ஸ்டீவன் அதை டிராஃப்ட் என்பார். ஆறு சுற்று. முதல் இரண்டு சுற்றில் போகிறவர்களைக் குருடனும் எடுத்துவிடுவான், அவர்கள் படம்தான் பேப்பரிலேயே வருகிறதே. கடைசிச் சுற்று அதிர்ஷ்டம். கிளப் நிற்பதும் விழுவதும் நடுச்சுற்றில்தான். அங்கே வருகிற ஒவ்வொருவனிடமும் ஏதோ ஒரு நல்லது இருக்கும், ஏதோ ஒரு ஓட்டையும் இருக்கும். அந்த ஓட்டை சின்னதா பெரியதா என்று யாராலும் சொல்ல முடியாது.

போன வருஷம் மூன்றாம் சுற்றில் ரகு என்று ஒரு முன்கள ஆட்டக்காரனை எடுத்தோம். வீடியோவில் பின்னிப் பெடலெடுத்தான். ராஜமாணிக்கம் மட்டும், "கம்பிய புட்சிக்கினு எறங்கறான் சார், மூட்டுல இன்னாவோ கீது" என்றார். யாரும் காது கொடுக்கவில்லை. மூன்றாவது ஆட்டத்தில் ரகு மூட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான், எழுந்திருக்கவே இல்லை.

அதனால் இந்த வருஷம் ஸ்டீவனே போய் அவரிடம் நின்றார். கல்லூரிப் போட்டிகளுக்கு எங்கள் கம்பெனிதான் பஸ் விட்டது. ஸ்பேர் வண்டி ஒன்று ஷெட்டில் சும்மா கிடந்தது. சனி ஞாயிறுகளில் மட்டும் அதைக் கழுவி எடுத்து, ஆறு வாரம் பையன்களை மைதானம் மைதானமாகக் கொண்டுபோனார் ராஜமாணிக்கம். நானும் ஸ்டீவனும் நடுச்சுற்றுக்கான பதினான்கு பேரை ஒரு நோட்டில் எழுதினோம். 'ராபின்: வேகம் உண்டு, திரும்பத் தெரியாது. ஜெபா: தலையால் முட்டுவதில் புலி, இரண்டாம் பாதியில் மூச்சு வாங்குகிறான்.' இப்படி.

'அஸ்கர் அலி, இடது பின்களம். அடிக்கவும் மாட்டான், அடி வாங்கவும் மாட்டான். இடத்தில் நிற்கத் தெரிந்தவன்.' இது நான் எழுதியது. பழவேற்காட்டில் துணிக்கடை வைத்திருக்கும் ஹனீப் பாயின் மகன். பின்னால் உட்கார்ந்தால் அவனுக்குக் குமட்டும். மற்றவர்கள் பின்கதவில் ஏறிப் பின்னால் கூத்தடிக்க, இவன் மட்டும் முன்கதவில் ஏறி டிரைவர் பக்கத்து சீட்டில் உட்காருவான். ஆறு வாரத்தில் இருவரும் நல்ல சிநேகிதம். டிராஃப்டில் போகாவிட்டால் மஸ்கட்டில் மாமா கடைக்கு அனுப்பப் போகிறார்கள், போனால் பந்தோடு எல்லாம் முடிந்தது என்று அவரிடம்தான் சொல்லியிருக்கிறான்.

அப்படியிருந்தும் டிராஃப்டுக்கு முந்தைய புதன்கிழமை ராஜமாணிக்கம் எங்களிடம் வந்து, "அஸ்கர் வேணாம் சார். ஒருக்களிச்சி எறங்கறான். கம்பிய உட மாட்டான். ஆறு வாரமா பாத்துக்கினு கீறேன்" என்றார். முகம் சுண்டியிருந்தது.

"அவன் உங்க தோஸ்துதானேண்ணா?" என்றார் ஸ்டீவன்.

"அதான் சார். தோஸ்துன்னு மறைச்சா அது சிபாரிசு ஆய்டும்."

நான் நோட்டில் அஸ்கர் பெயரை அடித்தேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். எனக்கு வாய் சும்மா இருக்காதே. மறுநாள் சிப்காட் கேட் டீக்கடையில் கண்ணாடிக் கம்பெனி ஸ்டோர்ஸ்காரரிடம், "எங்க டிரைவருக்கு எக்ஸ்ரே கண்ணு. அஸ்கர் அலிக்கு முட்டி அவுட்டுன்னு எறங்கறத பாத்தே சொல்லிட்டாரு" என்று பீற்றிக்கொண்டேன்.

ஞாயிறு காலை ஒரு கல்யாண மண்டபத்தில் டிராஃப்ட். எட்டு மேஜை, எட்டு கம்பெனி. பையன்களை ராஜமாணிக்கம்தான் அந்த ஸ்பேர் பஸ்ஸில் கொண்டுவந்து இறக்கினார். மேடையில் மைக்கைப் பிடித்திருந்தவர் திலகவதி டீச்சர், உடற்கல்வி ஆசிரியை. ஒரு விதியை அவர் திரும்பத் திரும்பச் சொன்னார்: முதல் மூன்று சுற்றில் போகிறவர்களுக்குக் கம்பெனியில் நிரந்தர வேலை. நான்காம் சுற்றிலிருந்து ஒரு சீசனுக்கு டிரெய்னி மட்டும், அப்புறம் வீட்டுக்கு.

மூன்றாம் சுற்று தொடங்கியதும் பக்கத்து மேஜையில் பேச்சு காதில் விழுந்தது. "அந்த லெஃப்ட் பேக்கா? முட்டி போச்சாமே." அதற்கடுத்த மேஜைப் பட்டியலில் அஸ்கர் பெயர் பேனாவால் அடிக்கப்பட்டிருந்தது. நான் டீக்கடையில் விட்ட வார்த்தை எட்டு மேஜைக்கும் போயிருந்தது. கடைசி வரிசையில் அஸ்கர் சட்டையின் மேல்பட்டனைத் திருகியபடி உட்கார்ந்திருந்தான். அவனை நிமிர்ந்து பார்க்க எனக்குத் தெம்பில்லை. முட்டி நிஜமாகவே போயிருந்தால் என்ன செய்ய முடியும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அப்போதுதான் ராஜமாணிக்கம் மண்டபத்துக்குள் வந்தார். ஒரு காலில் செருப்பு இல்லை. முழங்கையில் சிராய்ப்பு. நேராகக் கடைசி வரிசைக்குப் போய் அஸ்கரிடம் குனிந்து ஏதோ கேட்டார். அவன் ஏதோ சொன்னான். அவர் தலையில் அடித்துக்கொண்டு எங்கள் மேஜைக்கு ஓடிவந்தார்.

"சார், பெரிய தப்பாப் பூட்ச்சி. அவன் கால்ல ஒண்ணுமே இல்ல. வண்டிப் படிதான் கோணை!"

நடந்தது இதுதான். வேறொரு கம்பெனிப் பஸ்ஸை யாரோ அவர் வண்டியின் வலப்பக்கம் ஒட்டி நிறுத்தியிருந்தார்கள். டிரைவர் கதவைத் திறக்க முடியவில்லை. டீ குடிக்க முன்கதவு வழியாக இறங்கியிருக்கிறார். கீழ்ப்படியில் கால் வைத்ததும் தகடு ஒருபக்கம் சாய்ந்து, கம்பியைப் பிடித்து, ஒருக்களித்து, செருப்பு பறக்கக் கீழே வந்து சேர்ந்திருக்கிறார். இருபத்திரண்டு வருஷமாக மற்றவர்கள் இறங்குவதைப் பார்த்த மனுஷர், பயணிகள் படியில் தான் இறங்கிப் பார்த்ததே இல்லை. அவருக்குத்தான் தனிக் கதவு இருக்கிறதே! அந்த வண்டியில் முன்படியை உபயோகித்தது அஸ்கர் ஒருவன்தான்.

"மொத வாரமே உழப் பாத்தானாம் சார். வண்டிய குறை சொன்னா நான் இன்னா நெனச்சிக்குவேனோன்னு சொல்லாம உட்டுட்டானாம்."

ஸ்டீவன் சுற்றும் முற்றும் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "கத்தாதீங்கண்ணா. இது நமக்கு நல்லதுதான். வேற யாரும் அவன எடுக்கப் போறதில்ல. இந்த ரவுண்டுல ராபின எடுப்போம், நாலாவதுல இவன எடுத்துக்கலாம்."

"நாலாவதுன்னா வேலை பர்மனென்ட் இல்லியே சார். ஊட்ல மஸ்கட்டுக்கு அனுப்சிடுவாங்களே."

"கிளப்பையும் பாக்கணும்ல?"

ராஜமாணிக்கம் என்னைப் பார்த்தார். நான் நோட்டைப் பார்த்தேன். எங்கள் முறைக்கு முன்னால் இன்னும் இரண்டு கிளப் இருந்தன. அவர் அந்த ஒற்றைச் செருப்பையும் உதறிவிட்டு மேடை ஏறினார்.

"யாருங்க நீங்க?" என்றார் திலகவதி டீச்சர்.

"டிரைவர்மா. ஒரு நிமிசம்." மைக் அவர் வாய்க்கு மிக நெருக்கமாக இருந்ததால் மண்டபமே அதிர்ந்தது. "அஸ்கர் அலிக்கு முட்டி அவுட்டுன்னு எல்லாருக்கும் சேதி வந்துகீது. அத சொன்னது நான்தான். சொன்னது தப்பு. என் வண்டி முன்படி சாய்ஞ்சி கீது, அதனாலதான் அந்தப் புள்ள ஒருக்களிச்சி எறங்குனான். நம்பிக்கை இல்லாதவங்க வெளிய வந்து நீங்களே எறங்கிப் பாருங்க."

மண்டபம் கொல்லென்று சிரித்தது. ஆனால் கண்ணாடிக் கம்பெனி மேனேஜர் சிரிக்கவில்லை, எழுந்து வெளியே போனார். அவர் போகவும் இன்னும் நாலு பேர் போனார்கள். ஜன்னல் வழியாக நான் பார்த்தேன். இஸ்திரி போட்ட சட்டையும் பளபளக்கும் ஷூவுமாக ஐந்து மேனேஜர்கள் பின்கதவில் ஏறி, வரிசையாக முன்கதவுக்கு வந்து, ஒருவர் பின் ஒருவராகக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒருக்களித்து இறங்கினார்கள். ஐந்து பேருக்கும் ஒரே நேரத்தில் முட்டி போய்விட்டது போலிருந்தது.

எங்கள் முறைக்கு முந்தைய முறை கண்ணாடிக் கம்பெனியுடையது. மேனேஜர் திரும்பி வந்து உட்காரக்கூட இல்லை. "அஸ்கர் அலி" என்றார். திலகவதி டீச்சர் பலகையில் மூன்றாம் சுற்றுக்கு நேராக எழுதினார்.

ஸ்டீவன் மேஜையைக் குத்தினார். என் நெஞ்சிலிருந்த பாறாங்கல் அப்படியே இறங்கியது. எங்கள் கிளப்புக்கு நஷ்டம்தான், ஆனால் அன்றைக்கு நான் விட்ட பெருமூச்சு கல்யாணத்தன்றுகூட விட்டதில்லை.

திரும்பும்போது அதே பஸ்ஸில் ஏறினேன். முன்சீட்டு காலியாகக் கிடந்தது. அஸ்கர் பின்கதவில் ஏறி மற்றவர்களோடு உட்கார்ந்துவிட்டான். ராஜமாணிக்கம் கண்ணாடியில் ஒருமுறை பார்த்தார், வண்டியை எடுத்தார். சாவு வீட்டுக்குப் போகிறவர் போல ஓட்டினார். நான் முன்சீட்டில் உட்கார்ந்து, டீக்கடையில் உளறியது நான்தான் என்று ஒருவழியாகச் சொல்லிவிட்டேன்.

"தெரியும்பா. உன்ன உட்டா வேற யாரு?" என்றார். "நீ பேசுன பேச்சு பேசுனதுதான். ஆனா கண்ணால பாத்து தப்பா சொன்னவன் நானு. ஆறு வாரமா பக்கத்துல உக்காந்துக்கினு வந்தான், ஒருவாட்டி வாயத் தெறந்து கேட்டேனா?"

பத்து நிமிஷம் போயிருக்கும். பின்னாலிருந்து அஸ்கர் கம்பியைப் பிடித்துப் பிடித்து முன்னால் வந்தான். முகம் வெளிறியிருந்தது.

"நவுருங்கண்ணா," என்றான் என்னிடம். "பின்னாடி உக்காந்தா வாந்தி வருது."

நான் துள்ளி எழுந்து இடம் விட்டேன். அவன் உட்கார்ந்து ஜன்னலைத் திறந்து காற்று வாங்கினான். அப்புறம் ராஜமாணிக்கத்தைத் திரும்பிப் பார்த்தான்.

"என்னப் பத்தித் தப்பா சொன்னீங்களே, அதுக்குக் கோவந்தாண்ணா. ஆனா எல்லாரு முன்னாலயும் மேடை ஏறிச் சொன்னீங்க பாருங்க..." முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான். ராஜமாணிக்கம் தோள்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தூசி தூசி என்று ரோட்டைத் திட்டினார்.

பொன்னேரியில் பழவேற்காடு பஸ் பிடிக்க அஸ்கர் இறங்க வேண்டும். வண்டி நின்றது.

"பின்பக்கமா எறங்கு நைனா. நாளைக்குத்தான் படிய கயட்டி வெல்டிங் உடணும்."

அவன் கேட்கவில்லை. முன்கதவைத் திறந்தான், கம்பியைத் தொடவே இல்லை, மேல்படியிலிருந்து கோணல் படியைத் தாண்டி அப்படியே குதித்தான். குதித்த வேகத்தில் நாலடி ஓடிப்போய்த் திரும்பிப் பார்த்துக் கையாட்டினான்.

ராஜமாணிக்கம் எட்டி எட்டிப் பார்த்தார். "எந்தக் கால மொதல்ல வெச்சான், பாத்தியா?"

"ரெண்டு காலையும் ஒண்ணாத்தான் வெச்சான்," என்றேன்.

"சரியாப் பாத்தியா?"

"சரியாப் பாத்தேன். நீங்க வண்டிய எடுங்க."